எம்.பி. எத்தனை கேள்வி கேட்டார் என்று போடுகிறீர்கள், யார் பணத்தில் ஜெயித்தார் என்பதையும் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நம் எம்.பி.க்களின் செயல்பாடு பற்றி நீங்கள் போட்டிருந்த பெரிய அட்டவணையை முழுதாகப் படித்தேன். வருகை எத்தனை சதவீதம், எத்தனை கேள்வி, எத்தனை விவாதம், தனிநபர் மசோதா ஏதாவது கொண்டுவந்தாரா, தொகுதி மேம்பாட்டு நிதியில் எவ்வளவு செலவானது என்று எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகக் கொடுத்திருந்தீர்கள். உழைத்துச் செய்த வேலை, பாராட்டுகிறேன். ஆனால் அதில் ஒரு கட்டம் இல்லை. இவர் ஜெயிக்க எவ்வளவு செலவானது, அந்தப் பணத்தை யார் கொடுத்தார்கள் என்ற கட்டம். அது இல்லாமல் மற்றதை எல்லாம் எவ்வளவு துல்லியமாகப் போட்டாலும் ஒரு எம்.பி.யைப் பற்றி நமக்குப் பாதிதான் தெரிகிறது. ஏனென்றால் அவர் எந்தக் கேள்வியைக் கேட்டார் என்பதைவிட எதைக் கேட்காமல் விட்டார் என்பதுதான் முக்கியம், அதற்கான காரணம் பெரும்பாலும் நன்கொடைப் பட்டியலில்தான் இருக்கும்.

இதைச் சொல்லும்போது எனக்கு இந்திரஜித் குப்தாதான் நினைவுக்கு வருகிறார். இன்றைய இளைஞர்களில் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மக்களவைக்கு 11 முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். வாஜ்பாய்கூட 10 முறைதான். 1960இல் கல்கத்தா தென்மேற்குத் தொகுதி இடைத்தேர்தலில் முதலில் ஜெயித்து உள்ளே போனார், அப்புறம் அலிப்பூர், பசீர்ஹாட், மித்னாபூர் என்று தொகுதிகள் மாறினாலும் 2001 பிப்ரவரியில் இறக்கும்வரை அவர் எம்.பி.தான். நடுவில் 1977 முதல் 1980 வரை மட்டும் இல்லை. அவையின் மூத்த உறுப்பினர் என்ற முறையில் தற்காலிக சபாநாயகராக உட்கார்ந்து புது எம்.பி.க்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர்.

வசதியில்லாமல் எளிமையாக வாழ்ந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். தாத்தா பிகாரி லால் குப்தா, வெள்ளைக்காரன் காலத்து ஐ.சி.எஸ். அதிகாரித் தேர்வில் தேறிய முதல் சில இந்தியர்களில் ஒருவர். இவர் படித்தது டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ், பிறகு கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி. நம் ஊர் மோகன் குமாரமங்கலமும் அதே கிங்ஸ் கல்லூரியில் படித்தவர்தான். அங்கிருந்து திரும்பி வந்து பெரிய கம்பெனியிலோ அரசாங்கத்திலோ போய் உட்காராமல் கல்கத்தா சணல் ஆலைத் தொழிலாளர்களிடம் சங்கம் கட்டப் போனார். பின்னாளில் ஏ.ஐ.டி.யு.சி. தொழிற்சங்கத்தின் பொதுச்செயலாளர், அதற்குப் பிறகு இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர். 1996இல் தேவகவுடா அமைச்சரவையில் உள்துறை அமைச்சரானார். ஒரு காலத்தில் எந்தக் கட்சியைத் தடை செய்து ஆட்களைத் தேடிப் பிடித்து உள்ளே போட்டார்களோ, அந்தக் கட்சிக்காரர் கையிலேயே நாட்டின் உள்துறை வந்தது. அப்போதும் டெல்லி ஜன்பத்தில் இருக்கும் வெஸ்டர்ன் கோர்ட் விடுதியின் சின்னக் குடியிருப்புதான் அவர் இருப்பிடம், அமைச்சர் பங்களாவுக்கு ஆசைப்படவில்லை. டெல்லியில் பங்களா கிடைக்கவில்லை என்று கட்சி மாறியவர்கள் இருக்கும் நாட்டில், காவல்துறையும் உளவுத்துறையும் கைக்குள் இருந்த ஒரு மனிதர் இப்படி இருந்தார் என்று என் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

இப்போது உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். இந்திரஜித் குப்தாவை அந்தக் கட்டங்களில் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? அமைச்சராக இருந்த காலத்தில் கேள்வி எண்ணிக்கை பூஜ்யம், ஏனென்றால் அமைச்சர் கேள்வி கேட்க மாட்டார், பதில்தான் சொல்வார். ஆனால் அதே காலத்தில், 1997 ஏப்ரல் 3 அன்று, எல்லா மாநில அரசுகளுக்கும் ஒரு கடிதம் எழுதினார். போலீசார் இடமாற்றத்தில் தொடங்கி எல்லா மட்டத்திலும் அரசியல்வாதிகள் அற்பத்தனமாகத் தலையிடுவதால்தான் காவல்துறை கெட்டுப்போனது என்று மக்கள் நினைக்கிறார்கள், தேசிய போலீஸ் கமிஷன் சொன்ன சீர்திருத்தங்களை நிறைவேற்றுங்கள் என்று அந்தக் கடிதம் சொன்னது. மாநில அரசுகள் கண்டுகொள்ளவில்லை. ஆனால் 2006இல் முன்னாள் போலீஸ் அதிகாரி பிரகாஷ் சிங் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் போலீஸ் சீர்திருத்தத்துக்கு உத்தரவு போட்டபோது இந்தக் கடிதத்தையும் எடுத்துச் சொன்னது. இதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. நெருக்கடி நிலையை அவர் கட்சி ஆதரித்தது, அவரும் அந்த வரிசையில்தான் நின்றார். பத்திரிகைகளுக்குத் தணிக்கை, எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில், அப்போது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி இந்திரா காந்தி பக்கம். அதற்கான தண்டனையை 1977இல் வங்காள மக்கள் கொடுத்தார்கள், அவர் தோற்றார். (அதே தேர்தலில் அதே கட்சிக்காக நம் கோவையில் பார்வதி கிருஷ்ணனும் திருச்சியில் கல்யாணசுந்தரமும் ஜெயித்தார்கள் என்பது வேறு கதை.) மாஸ்கோவிலிருந்து பணம் வந்தது என்ற குற்றச்சாட்டும் அந்தக் கட்சி மேல் நெடுங்காலமாக இருந்தது, கட்சி அதை மறுத்து வந்தது. தேர்தல் பணத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்துவிட்டு இதை மட்டும் மூடி மறைத்தால் நான் எழுதுவதற்கு மரியாதை இருக்காது, அதனால் சொல்கிறேன். எந்தக் கட்சியாக இருந்தாலும் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வாக்காளனுக்கு உரிமை உண்டு என்பதுதான் நான் சொல்ல வருவதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1998இல், வாஜ்பாய் ஆட்சியில், அனைத்துக் கட்சிக் கூட்டம் ஒன்று நடந்து, தேர்தல் செலவை அரசே ஏற்கலாமா என்று பார்க்க ஒரு குழு போட்டார்கள். தலைவர் இந்திரஜித் குப்தா. ஆளுங்கட்சிக்காரர் இல்லை, எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், ஆனாலும் இந்த வேலைக்கு இவரைத் தவிர வேறு யாரையும் கை காட்ட முடியவில்லை. மன்மோகன் சிங், சோம்நாத் சாட்டர்ஜி, பா.ஜ.க.வின் விஜய் குமார் மல்ஹோத்ரா எல்லாரும் அதில் உறுப்பினர்கள். பல கட்சிக்காரர்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சில மாதங்களில் அறிக்கையைத் தயார் செய்தார்கள். இதற்கு முன்னால் 1990இல் தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழுவும் இதைப் பார்த்தது, அதில் நம் முன்னாள் எம்.பி. இரா. செழியனும் இருந்தார்.

அந்த அறிக்கை சொன்னதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அரசு செலவை ஏற்பது அரசமைப்புச் சட்டப்படியும் சரி, பொது நலன்படியும் சரி, நியாயமானதுதான் என்றது. ஆனால் ரொக்கமாக ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது. பொருளாகவும் வசதியாகவும்தான் தர வேண்டும். வண்டிக்குப் பெட்ரோல், டீசல். நோட்டீஸ் அடிக்கக் காகிதம். வாக்காளர் பட்டியல் நகல். ஒலிபெருக்கி. கட்சி அலுவலகத்துக்கு இடம், தொலைபேசி. தொலைக்காட்சியிலும் வானொலியிலும் பேச நேரம். அங்கீகரிக்கப்பட்ட தேசிய, மாநிலக் கட்சிகளுக்கு மட்டும், சுயேச்சைகளுக்குக் கிடையாது. ஆண்டுதோறும் வருமான வரித்துறையிடம் கணக்குக் காட்டாத கட்சிக்கும் கிடையாது. 10,000 ரூபாய்க்கு மேல் எந்த நன்கொடை வாங்கினாலும் காசோலையிலோ டிராஃப்டிலோ வாங்க வேண்டும், கொடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். இதற்காக ஒரு நிதி: வாக்காளர் ஒருவருக்கு 10 ரூபாய் கணக்கில் மத்திய அரசு ஆண்டுக்கு 600 கோடி, மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து இன்னொரு 600 கோடி. நாட்டின் பணநிலைமை காரணமாக இப்போதைக்குப் பாதிச் செலவைத்தான் ஏற்க முடியும், இது மட்டும் போதாது, மற்றத் தேர்தல் சீர்திருத்தங்களும் கூடவே வர வேண்டும் என்றும் எழுதினார்கள்.

சுயேச்சைகளை விட்டதில் எனக்கு உடன்பாடு இல்லை. புதிதாக வருகிறவனுக்குத்தான் உதவி அதிகம் தேவை, அங்கீகாரம் வாங்கிய கட்சிக்கு ஏற்கெனவே கட்டடமும் கல்லூரியும் இருக்கிறது. ஆனால் இப்படிச் சின்னச் சின்னக் குறைகளைத் தாண்டி அந்த அறிக்கையில் எனக்குப் பிடித்தது, அதை எழுதியவர் தேர்தலை உள்ளே இருந்து பார்த்தவர் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிவதுதான். பெட்ரோலும் காகிதமும் மைக் செட்டும் என்று எழுதியவர் தேர்தல் செலவு என்றால் என்ன என்று தெரிந்து எழுதினார். தொழிலாளிகளிடம் உண்டியல் குலுக்கித் தேர்தல் நடத்திய கட்சியிலிருந்து வந்தவர். ரயில் நிலைய வாசலிலும் ஆலை வாசலிலும் தோழர்கள் துண்டை விரித்துப் பிடிப்பார்கள், சம்பள நாளில் தொழிலாளி ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ போடுவார், அதில் நோட்டீஸ் அடித்துச் சைக்கிளில் போய் ஒட்டுவார்கள். இன்று உண்டியல் குலுக்கி என்று சொன்னாலே அது ஏளனப் பேச்சாகிவிட்டது. ஆனால் ஆயிரம் பேரிடம் ஒவ்வொரு ரூபாய் வாங்கியவன் அந்த ஆயிரம் பேருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரே ஆளிடம் ஆயிரம் கோடி வாங்கியவன் யாருக்குப் பதில் சொல்வான்?

அறிக்கை என்ன ஆயிற்று? ஓரிரண்டு துண்டுகள் மட்டும் 2003இல் சட்டத்தில் வந்தன. வாக்காளர் பட்டியல் இலவசம், ஒலிபரப்பில் நேரம். 20,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் நன்கொடையைத் தேர்தல் ஆணையத்திடம் சொல்ல வேண்டும் என்பதும் அப்போதுதான் வந்தது. உடனே நன்கொடைகளில் பெரும்பகுதி 20,000க்குக் கீழே வந்ததாகவே கணக்குக் காட்ட ஆரம்பித்தார்கள். மற்றதை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டார்கள். அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்த மன்மோகன் சிங் பிறகு 10 ஆண்டுகள் பிரதமராக இருந்தார், அறிக்கை அலமாரியை விட்டு இறங்கவில்லை.

அது இறங்காத இடத்தில் என்ன வந்தது என்று நமக்குத் தெரியும். 2017 நிதிச் சட்டத்தில் தேர்தல் பத்திரம், அதாவது வங்கியில் வாங்கிக் கட்சிக்கு நன்கொடையாகக் கொடுக்கும் பத்திரம். கொடுத்தவர் பெயர் வாக்காளருக்குத் தெரியாது, ஆனால் விற்ற வங்கி அரசு வங்கி. அதோடு, கம்பெனிகள் தங்கள் லாபத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இருந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள், நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூட எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றானது. ஒரு காலத்தில், 1969இல், கம்பெனிகள் கட்சிக்கு நன்கொடை கொடுக்கவே கூடாது என்று தடை போட்டிருந்த நாடு இது. 1985இல்தான் அந்தத் தடையை எடுத்தார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் தேர்தல் பத்திரம் செல்லாது என்றார்கள், வரம்பை நீக்கியதும் செல்லாது என்றார்கள். அதற்குள் 16,000 கோடிக்கு மேல் பத்திரம் விற்றாகிவிட்டது.

பத்திரத்தை யார் வாங்கினார்கள், எந்தக் கட்சிக்குப் போனது என்ற பட்டியல் வெளியே வந்தபோது யாரும் யாரையும் கை காட்ட முடியாத நிலைமை. பா.ஜ.க. 2019 ஏப்ரலுக்குப் பிறகு மட்டும் 6,000 கோடிக்கு மேல். திரிணாமுல் 1,600 கோடிக்கு மேல், காங்கிரஸ் 1,400 கோடிக்கு மேல். நம் தி.மு.க. 656 கோடி, அதில் 509 கோடி ஒரே லாட்டரி கம்பெனியிடமிருந்து. அந்தக் கம்பெனிக்குத் தலைமையிடம் கோயம்புத்தூர், நாட்டிலேயே அதிகமாகப் பத்திரம் வாங்கியதும் அதுதான், 1,368 கோடிக்கு. தி.மு.க. கொடுத்தவர் பெயர்களைத் தானாகவே தேர்தல் ஆணையத்திடம் சொன்னது, அதைச் செய்த கட்சிகள் மிகச் சில, அதற்கான மரியாதையைக் கொடுத்துவிடலாம். ஆனால் லாட்டரிச் சீட்டு விற்பனையைத் தடை செய்து வைத்திருக்கும் மாநிலத்தை அப்போது ஆண்ட கட்சி, லாட்டரிப் பணம் 509 கோடியை வாங்கலாமா? தினக்கூலி வாங்கி அப்படியே லாட்டரியில் தொலைத்துவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தவர்களை இந்த மாநிலத்தில் எல்லாத் தெருவும் பார்த்திருக்கிறது, 2003இல் தடை வந்ததே அதனால்தானே.

இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் மார்க்சிஸ்ட் கட்சியும் தேர்தல் பத்திரம் வாங்கவில்லை. மார்க்சிஸ்ட் கட்சி வழக்கே போட்டது. இதைக் கேட்கும்போது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் அது பாதி உண்மை. 2019 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. தன் செலவுக் கணக்கில், கூட்டணிக் கட்சிகளுக்குக் கொடுத்ததாக 40 கோடி காட்டியது. அதில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி. கணக்கில் காட்டிய பணம்தான், ஒளித்து வாங்கியது இல்லை. ஆனாலும் யோசியுங்கள். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி நின்றது நாகப்பட்டினம், திருப்பூர் என்று இரண்டே தொகுதி. அப்போது ஒரு வேட்பாளருக்கு உச்சவரம்பு 70 லட்சம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கோடியே 40 லட்சம். வாங்கியது 15 கோடி. இது எப்படிச் சட்டத்துக்குள் வந்தது என்றால், வேட்பாளருக்குத்தான் உச்சவரம்பு, கட்சிக்குக் கிடையாது. இந்திரஜித் குப்தாவின் கட்சியே இந்த நிலைக்கு வந்ததைப் படித்தபோது எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, எதிரே நிற்பவன் கோடிகளைக் கொட்டும்போது உண்டியலோடு எவ்வளவு நாள் நிற்க முடியும். இதைத் தெரிந்துதான் அந்த மனிதர் 1998லேயே அரசு ஏதாவது செய்யாவிட்டால் யோக்கியன் நிற்கவே முடியாது என்ற இடத்திலிருந்து அறிக்கை எழுதினார் என்று நான் நினைக்கிறேன்.

கட்சிக்கு உச்சவரம்பு இல்லாத இந்த ஓட்டை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1974இல் கன்வர் லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. தீர்ப்பு வந்த மாதமே இந்திரா காந்தி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, கட்சி செய்யும் செலவு கணக்கில் வராது என்று ஆக்கியது. 2003இல் அதைக் கொஞ்சம் அடைத்தார்கள், தலைவர்களின் பயணச் செலவு, கட்சியின் பொதுப் பிரச்சாரம் என்று சில மட்டும் வெளியே நிற்கிறது. அந்தச் சிலவற்றுக்குள்தான் ஹெலிகாப்டரும் முழுப்பக்க விளம்பரமும் வருகிறது.

வேட்பாளர் கணக்கு எப்படி இருக்கும் என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நான் பார்த்திருக்கிறேன். தேர்தல் முடிவு வந்து 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம், அதாவது கலெக்டரிடம், கணக்குக் கொடுக்க வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், பார்வையிடக் கட்டணம் ஒரு ரூபாய் என்று விதியிலேயே இருக்கிறது. அலுவலகத்தில் முதலில் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள், எந்தக் கட்சி என்று கேட்டார்கள், எந்தக் கட்சியும் இல்லை வாக்காளர் என்றதும் இன்னும் குழம்பினார்கள். ஒருவழியாக எடுத்துக் கொடுத்தார்கள். தினசரிச் செலவுக்கு வெள்ளைப் பக்கங்கள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக் கணக்குக்கு மஞ்சள். டீ எத்தனை, சாப்பாட்டுப் பொட்டலம் எத்தனை, பிளாஸ்டிக் நாற்காலி வாடகை, ஆட்டோவில் மைக் கட்டியது, கொடி, துண்டு, ஃபிளக்ஸ் எல்லாம் வரிசையாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மாவட்ட நிர்வாகமே விலைப்பட்டியல் போட்டிருக்கும், அதன்படிதான் எழுத வேண்டும். எதிர்ப்பக்கம் அதிகாரிகள் தனியாக ஒரு நிழல் பதிவேடு வைத்திருப்பார்கள், வேட்பாளர் விட்டதை அதில் பிடிப்பார்கள். ஏற்பாடு என்னவோ ஒழுங்காகத்தான் இருக்கிறது, நாற்காலிக் கணக்கில் யாரும் தப்ப முடியாது.

ஆனால் எங்கள் தெருவில் ஓட்டுப் பதிவுக்கு முந்தைய இரவு நடந்தது அந்த வெள்ளைப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள், வீட்டில் எத்தனை ஓட்டு என்று கேட்டுப் பெயருக்கு நேரே டிக் அடித்தார்கள், எண்ணிக் கவரைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அடுத்த கட்சி. பக்கத்து வீட்டு அம்மா, இந்தக் காசு எல்லாம் நம்மிடம் எடுத்ததுதானே தம்பி, வாங்கினால் என்ன தப்பு என்றார். அவர் பேரில் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பணத்தை அனுப்பியவர் மேல்தான். ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் 2017இல் இதனால்தான் நின்றது, 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல் இதனால்தான் ரத்தானது, அதற்கு முன்னால் 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். ரத்து செய்தார்கள், மறுபடியும் தேர்தல் வைத்தார்கள், யாரும் நிரந்தரமாகத் தகுதி இழக்கவில்லை. மகாராஷ்டிரத்தின் கோபிநாத் முண்டே 2013இல் ஒரு மேடையிலேயே, 2009 தேர்தலில் எட்டு கோடி செலவானது என்று சொன்னார். அப்போது உச்சவரம்பு 25 லட்சம். ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது, அவ்வளவுதான், 2014இல் அவர் மத்திய அமைச்சரானார்.

இப்போது உச்சவரம்பு 95 லட்சம். ஒரு சாதாரண ஆசிரியரோ வக்கீலோ சங்கத்துக்காரரோ அந்த 95 லட்சத்துக்கே எங்கே போவார்? கட்சி நேர்காணலில் முதல் கேள்வியே எவ்வளவு செலவு செய்வீர்கள் என்பதுதான் என்று எல்லாக் கட்சிக்காரர்களும் தனியாகப் பேசும்போது சொல்கிறார்கள். விளைவு என்ன? 2009இல் மக்களவையில் கோடீஸ்வரர்கள் 58 சதவீதம், 2014இல் 82, 2019இல் 88, 2024இல் 93. இது அவர்களே வேட்புமனுவோடு கொடுத்த சொத்துக் கணக்கை வைத்துப் போட்டது. மேற்கு வங்கத்தில் சணல் ஆலைத் தொழிலாளியோடு இருந்த ஒருவர் சின்ன விடுதி அறையிலிருந்து 37 ஆண்டுக்கு மேல் மக்களவைக்குப் போய்வந்தார் என்பதை இந்த 93 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நாம் எதை இழந்தோம் என்று தெரிகிறது.

அரசு பணம் கொடுத்தால் அதையும் வாங்கிக்கொண்டு கறுப்புப் பணத்தையும் வாங்குவார்கள், நம் வரிப்பணம் கூடுதலாகப் போனதுதான் மிச்சம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நியாயமான பயம்தான், என்னிடமும் அது இருக்கிறது. அதனால்தான் ரொக்கம் வேண்டாம் என்று அந்த அறிக்கை சொன்னதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். கட்சிகளின் கணக்கைக் கட்சி அமர்த்தும் ஆடிட்டர் பார்க்காமல் வெளியிலிருந்து தணிக்கை செய்யட்டும், கட்சிக்கும் உச்சவரம்பு வரட்டும், ஒரு ரூபாய் கொடுத்தாலும் கொடுத்தவர் பெயர் இருக்கட்டும், அதோடு சேர்த்து அரசு காகிதமும் பெட்ரோலும் மேடையும் கொடுக்கட்டும். செலவு எவ்வளவு ஆகும் என்றால், 2024 தேர்தலில் ஏறக்குறைய 97 கோடி வாக்காளர்கள், அன்று சொன்ன 10 ரூபாய்ப்படி மத்திய அரசுக்கு ஆண்டுக்கு 970 கோடி, மாநிலங்களும் அதே அளவு போட்டால் 1,940 கோடி. விலைவாசிக்கு ஏற்ப இதை மூன்று மடங்காக வைத்தால்கூட ஆளுக்கு ஆண்டுக்கு 60 ரூபாய். பத்திரத்தில் கொடுத்தவர்கள் கொடுத்ததைத் திரும்ப எடுக்கும்போது நம் தலையில் விழுவது இதைவிடப் பல மடங்கு இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாடாளுமன்றம் இதைச் செய்யும்வரை உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எம்.பி.க்கள் அட்டவணை போடும்போது நான்கு கட்டம் கூடுதலாகப் போடுங்கள். அவர் கலெக்டரிடம் கொடுத்த செலவுக் கணக்கின் மொத்தத் தொகை. அதில் கட்சி கொடுத்தது எவ்வளவு, சொந்தப் பணம் எவ்வளவு, மற்றவர் கொடுத்தது எவ்வளவு. அவருடைய கட்சிக்கு அந்த ஆண்டு அதிகமாக நன்கொடை கொடுத்த ஐந்து பேர் யார், கம்பெனிகளிடம் வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளை வழியாக வந்திருந்தால் அந்த அறக்கட்டளைக்கு யார் கொடுத்தது. கடைசியாக, முதல் முறை நின்றபோது காட்டிய சொத்து எவ்வளவு, இப்போது எவ்வளவு. இவை எல்லாமே அரசு ஆவணங்களில் இருப்பவை, யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. எல்லாக் கட்சிக்கும் ஒரே மாதிரி போடுங்கள், உங்கள் பத்திரிகைக்கு விளம்பரம் கொடுக்கும் கட்சிக்கும் சேர்த்து. கூச்சப்படாமல் சொல்கிறேன், தேர்தல் நேரத்தில் முதல் பக்கம் முழுக்க எந்தக் கட்சி விளம்பரம் வந்தது, அதற்கு எவ்வளவு வாங்கினீர்கள் என்பதையும் போட்டால் இன்னும் நல்லது.

ஆள் பற்றாக்குறை என்றால் உங்கள் வாசகர்களைக் கூப்பிடுங்கள். எல்லா மாவட்டத்திலும் என்னைப் போல வேலையிலிருந்து ஓய்வுபெற்றுக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தொகுதி வேட்பாளர்களின் கணக்கை நானே போய்ப் பார்த்து நகல் எடுத்து அனுப்புகிறேன், நகல் கட்டணம் என் செலவு. எந்த வடிவத்தில் வேண்டும் என்று மட்டும் பத்திரிகையில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
திண்டுக்கல் மாவட்டம்